நலம் விசாரிப்பு விசாரணையாகிவிடாமல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்தால் எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கலாம், விடுதிக்கு என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும் என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வருகிறது. மகளை விடுதியில் விட்டுவிட்டு வீடு திரும்பிய மறுநாளிலிருந்து அவளோடு எப்படிப் பேசிக்கொண்டிருப்பது என்பது பற்றி அதிகம் வருவதில்லை. விடுதி மாணவியரோடும் அவர்களுடைய பெற்றோரோடும் பேசி ஆலோசனை சொல்லும் பணியில் இருப்பவர்கள் என்ற முறையில் சிலவற்றைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பெற்ற மகளோடு பேசுவதற்கு யோசனை எதற்கு என்று தோன்றலாம். வீட்டில் இருந்தவரை அவளைப் பற்றித் தெரிந்துகொண்டதில் பாதிக்கு மேல் பேச்சால் வந்ததல்ல. செருப்பைக் கழற்றிப் போடும் வேகம், தட்டில் மிச்சம் வைப்பது, கதவைச் சாத்தும் சத்தம், இவையே போதுமாக இருந்தன. போனில் இவை எதுவும் வராது. அந்த வெற்றிடத்தைக் கேள்விகளால் நிரப்பப் பார்க்கிறோம். சாப்பிட்டாயா, தூங்கினாயா, படித்தாயா, யாரோடு போனாய், எத்தனை மணிக்குத் திரும்பினாய். நலம் விசாரிக்கத் தொடங்கிய அழைப்பு பத்துப் பதினைந்து நாளில் விசாரணையாகிவிடுகிறது. அவளுடைய பதில் 'ம்', 'ஆச்சு', 'சரி' என்று சுருங்குகிறது. சுருங்கச் சுருங்க நம் கேள்விகள் கூடுகின்றன. "பொண்ணு மாறிட்டா" என்று பெற்றோர் எங்களிடம் சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தச் சுற்றுதான் இருக்கிறது.

இதைத் தவிர்க்கும் வேலை அவள் கிளம்புவதற்கு முன்பே தொடங்க வேண்டும். பெட்டி கட்டும் நாளின் பரபரப்பில் பேசக் கூடாது. இரண்டு வாரம் முன்னதாக, அரை மணி நேரம் ஒதுக்கி உட்கார்ந்தால் போதும். எந்த நாளில் எந்த நேரத்தில் பேசுவது, போனை எடுக்காவிட்டால் என்ன செய்வது, அவள் சொல்வதில் எது யாருக்குப் போகலாம், பணம் எப்போது வரும் ஆகிய நான்கையும் அன்றே பேசி முடித்துவிட வேண்டும். முதல் யோசனை அவளிடமிருந்து வரட்டும். தானே சொன்ன நேரத்தை ஒரு பெண் காப்பாற்றுவதுபோல, பெற்றோர் விதித்த நேரத்தைக் காப்பாற்றுவதில்லை.

வாரத்துக்கு ஒரு நீண்ட அழைப்பு, முப்பது நாற்பது நிமிடம். மற்ற நாட்களில் ஒன்றிரண்டு வரிச் செய்தி. முதல் மாதம் கழிந்தபின் பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்த அளவு ஒத்துவருகிறது. அழைப்பு நாளை அவளுடைய கால அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆய்வக வகுப்பு உள்ள நாளில் மாலைவரை நின்றுவிட்டு வந்திருப்பாள். அன்று பேச்சு வராது. வகுப்பு முடிந்த உடனே உள்ள ஒரு மணி நேரமும் உதவாது. குளியலறை வரிசை, துணி, சாப்பாட்டு நேரம் எல்லாம் அப்போதுதான். இரவு பத்துக்கு மேல் என்றால் அறைத்தோழி படித்துக்கொண்டோ தூங்கிக்கொண்டோ இருப்பாள். மகள் தாழ்ந்த குரலில் ஒற்றைச் சொல்லில் பேசுவாள். நாம் அதை மனத்தாங்கல் என்று எடுத்துக்கொள்வோம். விடுமுறை நாளின் முற்பகல் அல்லது அவள் நடைக்குப் போகும் நேரம் நல்லது. நடந்துகொண்டே பேசும்போது வாய் தானாகத் திறக்கிறது. இதே காரணத்தால்தான் வாராந்தர அழைப்புக்கு வீடியோவைவிடக் குரலே மேல் என்கிறோம். வீடியோ என்றால் அவள் அறையைச் சரிசெய்ய வேண்டும், உடனிருப்பவளிடம் சொல்ல வேண்டும், ஓரிடத்தில் உட்கார வேண்டும். மாதம் ஓரிரு முறை முகம் பார்த்துக்கொண்டால் போதும். வேறு நாட்டில் படிக்கிறாள் என்றால் அழைப்பு நேரத்தை அவளுடைய கடிகாரப்படி வையுங்கள். ஆண்டுக்கு இரு முறை கடிகாரத்தை மாற்றும் நாடாக இருந்தால் அந்த வாரங்களில் ஒரு மணி நேரம் தவறும்.

முதல் மூன்று வாரங்களுக்குக் கணக்கு வேறு. வீட்டு நினைவு அலையலையாக வரும். வகுப்பு நடக்கும்போது அடங்கி, மாலையிலும் முதல் வாரக் கடைசியிலும் கனக்கும். அந்த நாட்களில் தினம் பேசலாம், ஆனால் குறைவாக. அவள் அழுதாள் என்று நாளுக்கு மூன்று முறை அழைத்தால் நேர்வது இதுதான்: மற்ற பெண்கள் சேர்ந்து சாப்பிடப் போகும் நேரத்தில் இவள் போனோடு அறையில் இருப்பாள். நட்பு உருவாகும் அந்த முதல் வாரங்கள் கைநழுவினால் வீட்டு நினைவு இன்னும் நீளும். அழும்போது "வேணாம்னா வந்துடு" என்று சொல்லிவிடாதீர்கள். ஆறுதலாகத்தான் சொல்கிறோம், அவளோ தன்னால் முடியாது என்று அம்மாவே நினைக்கிறாள் என்று புரிந்துகொள்வாள். "கஷ்டமாத்தான் இருக்கும்டா. இன்னிக்கு ராத்திரி யார்கூட சாப்பிடப் போற?" என்பது அவளை அறைக்கு வெளியே நகர்த்தும். முதல் முறை வீட்டுக்கு வரும் தேதியை முன்பே குறித்துக் கொடுப்பதும் உதவும். எண்ணிக்கொண்டிருக்க ஒரு நாள் இருந்தால் தாங்கிக்கொள்வது எளிது. வாராவாரம் வந்துபோனால் அங்கே வேர் பிடிக்காது. முதல் விடுமுறை முடிந்து திரும்பும்போதும், முதல் தேர்வு மதிப்பெண் வரும்போதும் இந்த வாட்டம் மறுபடி எட்டிப்பார்க்கும். பின்னடைவு என்று பதற வேண்டாம்.

இனி, எடுக்கப்படாத அழைப்பு. குடும்பங்களில் அதிகச் சண்டை இதில்தான். ஒரு முறை அழையுங்கள். எடுக்கவில்லையா, ஒரு செய்தி அனுப்புங்கள். அதில் காரணம் இருக்க வேண்டும்: "அவசரமில்லை, அந்தப் படிவம் பற்றிக் கேட்கத்தான்." வெறும் 'கூப்பிடு' என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்தால் வீட்டில் யாருக்கோ என்னவோ என்று அவள் நெஞ்சு பதறும். 'அவசரம்' என்ற சொல்லை உண்மையான அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு அறையில் போனை வாங்கி வைத்திருப்பார்கள், நூலகத்தில் ஒலி அணைந்திருக்கும், விடுதியின் உள்ளறைகளில் சிக்னல் இருக்காது, மின்னேற்றம் தீர்ந்திருக்கும். பதினேழு தவறிய அழைப்புகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப அழைப்பவள் அன்பாகப் பேசுவாள் என்று எதிர்பார்க்க முடியாது.

அதற்குப் பிறகு என்ன என்பதையும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரவு பதில் இல்லையென்றால் மறுநாள் காலை ஒரு அழைப்பு. மதியம்வரை இல்லையென்றால் அறைத்தோழி. அவளும் கிடைக்காவிட்டால் விடுதிக் காப்பாளர். பயண நாளுக்கு இவ்வளவு காத்திருக்க வேண்டாம். சேர வேண்டிய நேரம் கடந்து ஒரு மணி நேரத்தில் முதல் படியைத் தொடங்கலாம். அறைத்தோழியின் எண்ணை மகள் வழியாக, அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு வாங்குங்கள். வாங்கியபின் அவளை ஒற்றர் வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். "அவ சரியா படிக்கிறாளாம்மா?" என்று ஒரு முறை கேட்டாலும் அன்று மாலையே அது மகள் காதுக்குப் போய்விடும்.

வாட்ஸ்அப்பில் 'ஆன்லைன்' என்று தெரிவதை வைத்து மனத்தைப் புண்ணாக்கிக்கொள்ளும் பெற்றோர் நிறைய. அது அந்தச் செயலி அவள் போனில் திறந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். வகுப்புக் குழுவில் பாடக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கலாம். பார்க்காமல் இருக்க முடியவில்லை என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. உங்கள் வாட்ஸ்அப் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், 'கடைசியாகப் பார்த்தது', 'ஆன்லைன்' இரண்டையும் யாருக்கும் தெரியாதபடி மாற்றுங்கள். உங்களுடையது மறைந்தால் அடுத்தவருடையதும் உங்களுக்குத் தெரியாமல் போகும். இரவு ஒன்றரை மணிக்கு அவள் விழித்திருந்தாளா என்று தேடும் பழக்கம் இந்த ஒரு மாற்றத்தால் விட்டுப்போகும்.

வார நாட்களின் செய்திகளில் தினமும் காலை வணக்கப் படங்களையும் வந்ததையெல்லாம் தள்ளிவிடுவதையும் நிறுத்திவிடலாம். அந்தக் குவியலில் உங்கள் சொந்த வரி புதைந்துவிடும். நாளடைவில் உங்கள் பெயரைப் பார்த்தாலே திறக்காமல் கடந்துபோகப் பழகிவிடுவாள். வீட்டுச் சுவரில் விழுந்த வெயில், அவள் நட்ட செடியின் புதுத் துளிர், தம்பி உடைத்து வைத்த கைப்பிடி, இப்படி ஒரு படம் போதும். பதில் எதிர்பார்க்காத செய்தியாக அது இருக்கட்டும். குரல் பதிவு அனுப்பினால் ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். தேதி, தொகை, படிவ எண் போன்றவற்றை எழுத்தில் அனுப்புங்கள். வகுப்பில் இருப்பவளால் குரலைக் கேட்க முடியாது, பிறகு தேடி எடுக்கவும் முடியாது.

வாராந்தர அழைப்பில் பேச்சை நீங்கள் தொடங்குங்கள், கேள்வியால் அல்ல, உங்களுடைய செய்தியால். வீட்டில் நடந்த இரண்டு சின்ன விஷயம். நீங்கள் கொடுத்தால்தான் அவளும் கொடுப்பாள். போனுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நோட்டு இருக்கட்டும். போன வாரம் அவள் சொன்ன தோழியின் பெயர், தேர்வுத் தேதி, எரிச்சலூட்டிய வேலை, இவற்றைக் குறித்து வையுங்கள். "அந்த வரைபடம் திருப்பிப் போடச் சொன்னாங்களே, என்னாச்சு?" என்ற கேள்வி, "படிப்பெல்லாம் எப்படிப் போகுது?" என்பதைவிடப் பத்து மடங்கு பேச வைக்கும். முன்னதில் நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்ற செய்தி இருக்கிறது. அவள் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்வியைப் போடாமல் மூன்று நான்கு நொடி விடுங்கள். முக்கியமானவை அந்த இடைவெளிக்குப் பிறகுதான் பெரும்பாலும் வருகின்றன.

குறை சொல்லத் தொடங்கினால் தீர்வை நீட்டுவதற்கு முன், "யோசனை வேணுமா, நான் கேட்டுட்டு இருந்தா போதுமா?" என்று கேளுங்கள். பாதி நேரம் கேட்டால் போதும் என்பாள். அறைத்தோழியோடு சண்டை, ஆசிரியர் திட்டினார் என்றால் அவளுக்குத் தெரியாமல் கல்லூரிக்குப் போன் போட்டுவிடக் கூடாது. அதோடு அவள் குறை சொல்வதை நிறுத்திக்கொள்வாள். குறை மட்டும் அங்கேயே இருக்கும். பாடத்தில் தோல்வி, தொலைந்த பணம், முறிந்த நட்பு போன்ற கெட்ட செய்தி வந்தால், உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியத்தை வைத்துத்தான் அடுத்த கெட்ட செய்தியை உங்களிடம் சொல்வதா வேண்டாமா என்று அவள் முடிவு செய்வாள். "நான் அப்பவே சொன்னேன்" என்பதை அடியோடு மறந்துவிடுங்கள். "சொன்னது நல்லதும்மா. இப்ப என்ன செய்யணும்னு நீ நினைக்கிற?" என்று கேட்டால் கதவு திறந்தே இருக்கும்.

அந்தக் கதவை மூடும் இன்னொரு காரியமும் உண்டு. திங்கட்கிழமை அம்மாவிடம் சொன்னது புதன்கிழமை சித்தி வழியாக அவளுக்கே திரும்பி வருவது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. மகளைப் பற்றிப் பேச ஆசை, சொல்லிவிடுகிறோம். அவளைப் பொறுத்தவரை அது நம்பிக்கை மோசம்தான். தேர்வு முடிவு, உடல்நலம், நட்பு, காதல் ஆகியவற்றை அவளைக் கேட்காமல் வீட்டுக்கு வெளியே கொண்டுபோகாதீர்கள். ஸ்பீக்கரில் போடுவதாக இருந்தால் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாத்தா பாட்டிக்குத் தனியாக ஒரு நேரம் குறிக்கலாம். வாராந்தர அழைப்பின் நடுவில் போன் கைமாறிக்கொண்டே இருந்தால் யாரோடும் பேசின திருப்தி அவளுக்கு இருக்காது.

பல வீடுகளில் அப்பாவுக்குச் செய்தி அம்மா வழியாகவே போகிறது. "அப்பாகிட்ட குடு" என்று கடைசியில் இரண்டு நிமிடம். இருவருக்கும் பேச ஒன்றும் இல்லாமல் "உடம்பைப் பாத்துக்கோ" என்று முடியும். அப்பாவுக்கும் மகளுக்கும் தனியாக ஒரு விஷயம் வேண்டும். சேர்ந்து பார்க்கும் விளையாட்டுப் போட்டி, வாகனம், வங்கிக் கணக்கு, போனில் ஆடும் சதுரங்கம், எதுவாகவும் இருக்கலாம். ஒரு நகர்த்தல் அனுப்பிவிட்டு அவள் நகர்த்தலுக்குக் காத்திருப்பதும் தொடர்புதான்.

இருப்பிடத்தைக் கண்காணிப்பது பற்றி எங்கள் கருத்து உறுதியானது. இரவுப் பயணத்துக்கு வாட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடத்தை அவளே 15 நிமிடம், 1 மணி நேரம் அல்லது 8 மணி நேரத்துக்குப் பகிரலாம். நேரம் முடிந்ததும் தானாக நின்றுவிடும். இது நல்ல ஏற்பாடு; மின்னேற்றம் வேகமாகத் தீரும் என்பதால் பவர் பேங்க் கையில் இருக்கட்டும். நாள் முழுதும் நிரந்தரமாகப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு. கட்டடத்துக்குள் புள்ளி தள்ளிக் காட்டும், இணையம் அறுந்தால் பழைய இடத்திலேயே நிற்கும், அதைப் பார்த்து நாம் நடுங்குவோம். தொந்தரவு மிஞ்சினால் போனை அறையில் வைத்துவிட்டு வெளியே போவாள். அப்போது உண்மையான ஆபத்தில் கையில் போன் இருக்காது. அவளுக்குத் தெரியாமல் கண்காணிப்புச் செயலி போடுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். அன்பு என்றால் வேவு பார்ப்பதும் அதில் சேர்த்தி என்று வீட்டிலேயே பழகிய பெண்ணுக்கு, நாளை ஒருவன் அவளுடைய போனை வாங்கிப் பார்க்கும்போது அது தவறு என்று எப்படித் தோன்றும்?

குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்த ஜான் பௌல்பி, மேரி ஐன்ஸ்வொர்த் இருவரும் பெற்றோரைப் 'பாதுகாப்பான தளம்' என்றார்கள். திரும்பி வந்தால் தளம் அங்கேயே இருக்கும் என்ற உறுதி உள்ள குழந்தைதான் துணிந்து தூரம் போகும். பதினெட்டு வயதிலும் இது பொருந்தும். தளம் பின்னாலேயே ஓடி வந்தால் அவளால் எங்கும் போக முடியாது.

அவசர ஏற்பாடுகளை ஒரே நாளில் முடித்துவிடலாம். ரத்த வகை, ஒவ்வாமை, தினசரி மருந்து, இரண்டு தொடர்பு எண்கள் ஆகியவற்றை அவள் போனின் அவசரத் தகவல் பகுதியில் பதியச் சொல்லுங்கள். பூட்டைத் திறக்காமலே மற்றவர்களால் அதைப் பார்க்க முடியும். அதே விவரம் ஒரு தாளில் அவள் பணப்பையிலும் இருக்கட்டும், போன் அணைந்துபோனால் உதவும். பல போன்களில் பவர் பொத்தானை விரைவாக ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு தொடங்கும். அமைப்புகளில் அது இயங்கும் நிலையில் உள்ளதா என்று பார்த்துவிடுங்கள். உங்களிடம் விடுதி அலுவலகம், காப்பாளர், அறைத்தோழி, அருகிலுள்ள மருத்துவமனை எண்கள் காகிதத்திலும் இருக்க வேண்டும்.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். "உங்க பொண்ணு விபத்துல மாட்டிக்கிட்டா", "போலீஸ் பிடிச்சிருக்கு, உடனே பணம் அனுப்புங்க, லைனைக் கட் பண்ணாதீங்க" என்று வரும் மோசடி அழைப்பு. கணினியால் குரலையே போலி செய்ய முடிகிறது. அவள் அழும் குரல் கேட்டாலும் நம்பிவிடக் கூடாது. குடும்பத்துக்கென ஒரு அடையாளச் சொல்லை நேரில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். செல்லப் பெயர், பிறந்த நாள், சமூக ஊடகத்தில் இருக்கும் எதுவும் கூடாது. அழைப்பு வந்தால் சொல்லைக் கேளுங்கள், வரவில்லையென்றால் துண்டியுங்கள், அவளுடைய எண்ணுக்கு நீங்களே அழையுங்கள், எடுக்காவிட்டால் அறைத்தோழிக்கு.

பணப் பேச்சை வாராந்தர அழைப்பிலிருந்து பிரித்துவிடுங்கள். மாதத்தில் ஒரு தேதி, ஒரு தொகை, செய்தி வழியாக. காரணம் கேட்காமல் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு சிறு அவசரத் தொகை தனியாக இருந்தால், நள்ளிரவில் எங்காவது மாட்டிக்கொண்டவள் வண்டி பிடித்துத் திரும்ப யோசிக்க மாட்டாள்.

எப்போது கவலைப்பட வேண்டும்? அளவைப் பார்க்காதீர்கள், மாற்றத்தைப் பாருங்கள். இயல்பிலேயே குறைவாகப் பேசுபவள் குறைவாகப் பேசுவது செய்தி அல்ல. வாராவாரம் வந்துகொண்டிருந்த தோழிகளின் பெயர்கள் பேச்சில் நின்றுபோவது, பகலெல்லாம் தூக்கம், வகுப்புக்குப் போகாதது, பிடித்தவற்றில் ஆர்வம் போனது, எதற்கும் தன்னையே குற்றம் சொல்வது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சோர்வு என்று தள்ளிவிடக் கூடாது. மனநலக் குறைபாடுகளில் நான்கில் மூன்று பங்கு 24 வயதுக்குள் தலைகாட்டத் தொடங்கிவிடுகின்றன என்று அமெரிக்காவில் நடந்து 2005இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. கல்லூரி வயது அதற்குள்தான் வருகிறது. சந்தேகம் இருந்தால் நேரடியாகக் கேளுங்கள்: "செத்துப்போகணும்னு தோணுதாம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, சொல்ல ஆள் கிடைத்தது என்ற ஆறுதலே வரும். ஆம் என்றால் போனை வைக்காதீர்கள், வேறொரு போனில் காப்பாளரை அழைத்து அவள் பக்கத்தில் ஆள் இருக்கச் செய்யுங்கள், அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக ஏற்பாடு செய்யுங்கள், கிளம்பிப் போங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்கை இந்த ஒரு விஷயத்தில் கொடுக்கக் கூடாது.

முதல் விடுமுறைக்கு வரும்போது பெரும்பாலும் இரண்டு நாள் தூங்குவாள். இந்த வயதில் உடலின் கடிகாரமே தள்ளித்தான் ஓடும். இரவு தூக்கம் தாமதமாக வரும், காலையில் விழிப்பும் தாமதமாகும். சோம்பேறித்தனம் என்று பேச்சைத் தொடங்க வேண்டாம். முதல் இரண்டு நாள் உறவினர் வீடுகளுக்கு அழைத்துப்போகும் திட்டம் போடாதீர்கள். வெளியே போய்வரும் நேரம் பற்றிப் பழைய சட்டத்தை நீட்டாமல், "எத்தனை மணிக்கு வருவேன்னு சொல்லிட்டுப் போ" என்பதோடு நிறுத்துங்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் புதிய பருவத்தின் கால அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு அழைப்பு நாளை மறுபடி இருவரும் சேர்ந்து குறியுங்கள். போன பருவத்தில் ஒத்துவந்த நேரம் இந்தப் பருவத்தில் ஆய்வக வகுப்பாக மாறியிருக்கலாம்.

இப்படிக்கு,
மாணவியர் விடுதி ஆலோசகர்கள்